இருவாச்சித் திருவிழாவில் விருந்தினராய்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் மலைக் கிராமங்களில் ஆண்டுதோறும் பழங்குடி மக்களின் கலைவிழா ஒன்றை நடத்தி, வெளியூர் மக்களை வரவழைத்தால் என்ன என்னும் யோசனை உங்களுள் சிலரிடமிருந்து எழுந்துள்ளது. நல்ல யோசனைதான். ஆயினும், அதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமுன், அத்தகைய விழாவொன்றை நேரிற் கண்டுவந்தவர்கள் என்ற முறையில் சில செய்திகளை உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம். நாகாலாந்து மாநிலத்தில் டிசம்பர் மாதந்தோறும் நடைபெறும் இருவாச்சித் திருவிழாவுக்கு நாங்கள் நண்பர்கள் மூவர், அரசாங்க அலுவலாக அன்றி, சொந்தச் செலவில் சாதாரணப் பயணிகளாகவே சென்று வந்தோம்.

வழியும் இடமும்

திமாப்பூர் வரையில் ரயிலில் சென்று, அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த மலைப்பாதையில் ஏறினால் தலைநகரான கோஹிமாவை அடையலாம். அம்மாநிலத்துக்குள் செல்லும் வெளி மாநிலத்தவர் இந்தியக் குடிமக்களேயாயினும் உள்நுழைவு அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். "நம் நாட்டிற்குள்ளேயே அனுமதிச் சீட்டா?" என்று எங்கள் நண்பருள் ஒருவர் வியந்தார். 1873ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியார் தம் வசதிக்காகச் செய்த ஒழுங்குமுறைதான் அது. ஆயினும், இன்று அம்மக்கள் தம் நிலத்துக்கும் வழக்கங்களுக்கும் ஏற்ற வேலியாக அதனைக் கருதுகின்றனர். பிறர் தோட்டத்தில் வேலியைக் கண்டால், நாமும் குரல் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே நுழைகின்றோம்!

கோஹிமாவுக்குத் தெற்கே 12 கிலோமீட்டர் தொலைவில், இம்பால் செல்லும் சாலையில் உள்ளது கிசாமா என்னும் பாரம்பரியக் கிராமம். கிக்வேமா, பெசாமா என்னும் இரண்டு ஊர்களின் நிலத்தில் அது அமைந்தமையால், கிக்வேமாவின் 'கி'யும், பெசாமாவின் 'சா'வும், ஊர் என்று பொருள்படும் 'மா' என்னும் சொல்லும் சேர்ந்து கிசாமா ஆயிற்று. இடம் கொடுத்த ஊர்களின் பெயர் விழாக்களத்தின் பெயரிலேயே நின்றுவிட்டது.

நாகாலாந்து 1963ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தனி மாநிலமாயிற்று. அந்நாளை முன்னிட்டு, 2000ஆம் ஆண்டிலிருந்து மாநில அரசு இவ்விழாவை நடத்தி வருகின்றது; இப்போது அது டிசம்பர் 1 முதல் 10 வரையில் நடைபெறுகின்றது. அங்காமி, ஆவோ, சாக்கேசாங், கொன்யாக், லோத்தா, சுமி முதலிய 15க்கு மேற்பட்ட பழங்குடியினர் ஒரே களத்திற் கூடுகின்றனர். கிழக்குக் கோடியாதலின் மாலை நான்கரை மணிக்கே இருள் சூழ்ந்துவிடுகின்றது, குளிரும் மிகுதி. செல்ல விரும்புவோர் கம்பளியும், காலையிலேயே புறப்படும் பழக்கமும் கொண்டு செல்க.

இருவாச்சி நமக்கும் அறிமுகமான பறவையே. நம் ஆனைமலைக் காடுகளில் பெருத்த மஞ்சள் அலகுடன், சிறகோசை காடெங்கும் கேட்கப் பறந்து செல்வது அதுதான். நாகர்களின் தலையணியில் அதன் வெள்ளையுங் கறுப்புமான வாலிறகு வீரத்துக்கும் பெருமைக்கும் அடையாளம். அத்தகைய இறகுக்காக வேட்டையாடியதும், காடுகள் அழிந்ததும் சேர்ந்து அப்பறவை மிகவும் அருகிவிட்டது. அண்டை மாநிலமான அருணாசலத்தில் நிஷி மக்கள் தம் தலையணியில் இருவாச்சி அலகுக்குப் பதிலாகக் கண்ணாடி நாரிழையாற் செய்த அலகை வைத்துக்கொள்ள முன்வந்தனர். மரபை உடையவர்களே மனமொப்பிச் செய்த மாற்றமாதலின், அது நிலைத்தது.

விழாவின் வேர் வயலில்

உழவர் பெருமக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகின்றோம். கிசாமாவில் நாம் காண்பது தொகுத்து வைத்த விழா. அதன் வேர்கள் அந்தந்தக் குடியினரின் சொந்த ஊர்களில் உள்ளன. பிப்ரவரியில் அங்காமி மக்களின் செக்ரென்யி, ஏப்ரலில் கொன்யாக் மக்களின் அவோலியாங், விதைப்பு முடிந்த பின்னர் மே மாதத்தில் ஆவோ மக்களின் மோவாட்சு, ஜூலையில் சுமி மக்களின் துலுனி, அறுவடை வீடு சேர்ந்த நவம்பரில் லோத்தா மக்களின் தோக்கு எமோங் என்று ஆண்டு முழுவதும் விழாக்கள் வருகின்றன. பெரும்பாலும் இவை விதைப்பையும் களையெடுப்பையும் அறுவடையையும் ஒட்டி அமைந்தவை. ஆடிப்பெருக்கும் பொங்கலும் கொண்டாடும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

களத்தில் ஆடுவோர் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். பெரும்பாலோர் உழவரும் மாணவரும் ஆசிரியருமே. ஒவ்வொரு குடிக்கும் 'மொரங்' எனப்படும் பெருங்கூடம் ஒன்று அங்கே கட்டப்பட்டுள்ளது. முற்காலத்தில் ஊரின் இளைஞர்கள் இரவில் தங்கி, பாட்டும் கைத்தொழிலும் ஊர்க்காவலும் பயின்ற இடம் மொரங். பள்ளியும் கிறித்துவ சமயமும் பரவிய பின்னர் அவ்வழக்கம் தளர்ந்துவிட்டது. கூடத்தின் நடுவே அடுப்பெரிகின்றது. விருந்தினர் சுற்றி அமரலாம்.

சாக்கேசாங் மொரங்கில் நாங்கள் அமர்ந்திருந்தபோது, வந்த பயணிகளுட் பலர் பழங்காலத் தலைகொய்யும் போர்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தனர். மூதாட்டி ஒருவரின் முகத்தருகே இசைவு கேளாமற் படக்கருவியை நீட்டினார் ஒருவர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றோம் என்றதும் முதியவர் ஒருவர், மொழிபெயர்ப்பவர் வாயிலாக, "உங்கள் ஊரில் நெல் எத்தனை போகம்? தண்ணீர் எங்கிருந்து வருகின்றது?" என்று வினவினார். ஒரு மணி நேரம் ஏரியையும் வாய்க்காலையும் பற்றியே பேசினோம். விழாவின் பயனுள்ள நேரம் எங்களுக்கு அதுவாகவே இருந்தது.

மேடைக்கு அப்பால்

அப்பேச்சின் விளைவாகப் பெக் மாவட்டத்துக் கிக்ருமா ஊரின் 'ஜாபோ' முறையை அறிந்தோம். மலையுச்சியில் காட்டை வெட்டாது காக்கின்றனர். அதன் கீழ்ச் சரிவில் குளங்கள் வெட்டி மழைநீரைத் தேக்குகின்றனர். குளத்து நீர் மாட்டுப்பட்டியின் வழியே இறங்கி, சாணத்தையும் கோமியத்தையும் சுமந்துகொண்டு நெல்வயலை அடைகின்றது. வயலிலேயே மீனும் வளர்க்கின்றனர். காடு, குளம், கால்நடை, வயல் ஆகிய நான்கும் ஒரே நீரோட்டத்தில் கோத்தாற்போல் நிற்கின்றன. மேட்டில் உள்ளவன் காட்டை அழித்தால் பள்ளத்தில் உள்ளவனுக்கு நீரில்லை. ஆதலின் இம்முறை ஊர் ஒற்றுமையின்றி ஒருநாளும் நடவாது.

கோஹிமாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோனோமா ஊரில் மற்றொன்று கண்டோம். மலைச்சரிவு வயல்களில் ஆல்டர் மரங்களை வளர்த்து, அவற்றை வேரோடு வெட்டாமல் தலையை மட்டும் கழித்துவிட்டு இடையே பயிரிடுகின்றனர். அம்மரத்தின் வேர் முடிச்சுக்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிற் சேர்க்கின்றன. கழித்த கிளை விறகாகின்றது. உதிர்ந்த இலை உரமாகின்றது. மரம் மீண்டுந் துளிர்க்கின்றது. அவ்வூரார் 1998ஆம் ஆண்டில் தம் காட்டின் ஒரு பகுதியைத் தாமே சரணாலயமாக ஒதுக்கி, வேட்டையையுந் தடை செய்தனர். வேட்டையையே வீரமெனக் கொண்ட ஊர் அங்ஙனம் முடிவு செய்தது சிறிய காரியமன்று.

ஊர் தன்னைத் தானே ஆளும் முறை

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இப்பகுதி முக்கியமானது. அரசியலமைப்பின் பஞ்சாயத்துப் பகுதி நாகாலாந்துக்குப் பொருந்தாது. 371(அ) விதியின்படி, அம்மக்களின் சமய, சமூக வழக்கங்கள், வழக்காற்றுச் சட்டம், நிலம் ஆகியவற்றைப் பற்றிய பாராளுமன்றச் சட்டம் எதுவும், மாநிலச் சட்டசபை ஏற்றுத் தீர்மானித்தாலன்றி, அங்கே செல்லாது. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்தோறும் கிராம மன்றம் உள்ளது. 1976ஆம் ஆண்டில் பெக் மாவட்டத்தில் தொடங்கிய கிராம வளர்ச்சிக் குழு முறை பின்னர் மாநிலமெங்கும் பரவியது. அக்குழுவில் நான்கில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு உரியது.

2002ஆம் ஆண்டில் அவர்கள் ஒருபடி மேலே சென்றனர். பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், மின்விநியோகம் ஆகியவற்றின் நிர்வாகத்தில் பெரும்பங்கை ஊர்க் குழுக்களிடமே ஒப்படைக்க ஒரு சட்டம் இயற்றினர். ஆசிரியர் வராத நாளுக்குச் சம்பளத்தை நிறுத்தும் அதிகாரம் ஊர்க்குழுவுக்கு உண்டு. இம்முயற்சிக்கு 2008ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்சேவை விருது கிடைத்தது.

அங்கே குறைகளே இல்லையென்று சொல்லவில்லை. 1963இல் மாநிலமான நாகாலாந்தில், 2023ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் முதன்முதலாக இரு பெண்கள் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பஞ்சாயத்துக்களில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியுள்ள நாம் இவ்வகையில் அவர்களுக்குச் சொல்லக்கூடியதும் உண்டு. விருந்தினர் கற்கவுஞ் செய்யலாம். கேட்டால் சொல்லவுஞ் செய்யலாம்.

விழா நின்ற ஆண்டு

இவ்விழா எவருடையது என்பதை 2021ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள் மோன் மாவட்டத்து ஓட்டிங் கிராமத்தருகே, நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய தொழிலாளர்கள் தீவிரவாதிகளெனப் பிழையாகக் கருதப்பட்டுப் பாதுகாப்புப் படையினராற் சுடப்பட்டனர். அதன்பின் எழுந்த மோதல்களையுஞ் சேர்த்துப் பொதுமக்கள் 14 பேர் உயிரிழந்தனர். கிசாமாவில் விழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கிழக்கு மாவட்டங்களின் குடியினர் விழாவினின்று விலகினர். எஞ்சிய நாட்களின் விழாவை மாநில அரசும் நிறுத்திவிட்டது. எங்கெங்கிருந்தோ பணஞ் செலவிட்டு வந்த பயணிகள் திரும்பிச் செல்ல வேண்டியதாயிற்று. துக்க வீட்டில் மேளங் கொட்டுவாருண்டோ? பயணிகளின் வசதிக்காக அம்மக்கள் தம் துயரைத் தள்ளிவைக்கவில்லை. அதனாலேயே அவ்விழாவின்மேல் எங்களுக்கு மதிப்பு மிகுந்தது.

செல்வோர் கவனிக்க

அத்தகைய விழாவுக்குச் செல்பவர் சில நெறிகளைப் பேணுதல் நலம். இசைவு கேட்டே படம் எடுங்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். நாகப் போர்வைகளின் கோலங்களுக்குப் பொருளுண்டு. முற்காலத்தில் தன் களஞ்சியத்தைத் திறந்து ஊர் முழுவதற்கும் விருந்திட்டவனே சிலவகைப் போர்வைகளை அணியத் தகுதி பெற்றான். ஆகவே வாங்குமுன் அதன் பொருளைக் கேட்டறிந்து வாங்குங்கள். இடுப்புத் தறியில் பெண்கள் பல நாள் இருந்து நெய்யும் துணிக்கு, பாதி விலைக்குக் கேட்பது முறையன்று. மூங்கிற் குருத்தும், புளிக்கவைத்த சோயா மொச்சையும், 2008இல் புவிசார் குறியீடு பெற்ற நாகா மிளகாயும் சேர்ந்த உணவு நம் நாவுக்குப் புதிது. இயன்றதை உண்ணலாம், இயலாததை முகஞ் சுளிக்காமல் விலக்கலாம்.

நம் ஊரில் விழா எடுக்குமுன்

இனி நம் யோசனைக்கு வருவோம். நாகாலாந்தில் நிலம் அம்மக்களுடையது, மன்றம் அவர்களுடையது, அரசாங்கத்தின் பெரும்பகுதியும் அவர்களே. நம் மலைக் கிராமத்தாரின் நிலைமை அதுவன்று. எண்ணிக்கையிற் சிறியவர்கள், பலர் இன்னும் சாதிச் சான்றுக்கும் சாலைக்கும் விண்ணப்பத்துடன் நடப்பவர்கள். அவர்களை லாரியில் ஏற்றி வந்து, மேடையில் அரைமணி ஆடவைத்து, ஒரு சால்வையும் உணவுப் பொட்டலமுங் கொடுத்து அனுப்பிவிட்டு, அதனைப் பழங்குடி விழாவென்று அச்சிடுவோமானால் அது நமக்குப் பெருமையாகாது.

ஆதலின் ஐந்து கேள்விகளை உங்கள்முன் வைக்கின்றோம். விழா வேண்டுமென்று அவர்களுடைய கூட்டம் சொல்லிற்றா? அதன் நாள் அவர்களுடைய விதைப்பும் அறுப்பும் பார்த்துக் குறிக்கப்பட்டதா, நம் விடுமுறை பார்த்தா? எதனை வெளியார் காணலாம், எந்த வழிபாட்டைக் காணலாகாது என்று வரையறுப்பவர் யார்? கடைவாடகையும் நுழைவுக் கட்டணமும் எந்தக் கணக்கிற் சேரும், எவர் கையெழுத்தில் வெளிவரும்? அவர்கள் ஊரில் சாவு நேர்ந்தால் விழாவை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டா?

இவற்றுக்கு நல்ல விடை கிடைக்குமானால் விழா அவர்களுக்கு வருவாயும் மதிப்பும் தரும். நீலகிரித் தோடர்களின் பூத்தையல் 2013ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய கைவண்ணமும், தினையும் தேனும், மலைப்பயிர் அறிவும் நம் பகுதியிலும் உண்டு. வாங்குவோரையும் கற்போரையும் மலைக்கு அழைத்துச் செல்லும் விழாவே நமக்கு வேண்டுவது.

எனவே, அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை எழுதுமுன், உறுப்பினர்கள் ஐவர் மலையூர்களுக்கு நடந்து சென்று, ஒரு நாள் தங்கி, பெரியவர்களையும் பெண்களையும் இளைஞர்களையுங் கேட்டு வருமாறு வேண்டுகின்றோம். போகும்போது விழாப் பேச்சை முதலில் எடுக்க வேண்டாம். விளைச்சலையும் தண்ணீரையும் பற்றி முதலில் விசாரியுங்கள். அவர்கள் விழா வேண்டும் என்றால் அவர்கள் சொற்படி நடத்துவோம். வேண்டாம் என்றால், அதனையும் அவ்வாறே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, விழாவுக்கென நினைத்த தொகையை அவர்கள் கேட்கும் வேலைக்குச் செலவிட வழி தேடுவோம்.