மருத்துவரின் கணக்கில் வராத மணிகள்

(மருத்துவ அலுவலர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். பொருளியல் பயின்று, அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன். நோயைப் பற்றி உங்கள் முன் பேச எனக்குத் தகுதி இல்லை. உழைப்பையும் அதற்குச் செலவாகும் நேரத்தையும் பற்றிப் பேசலாம் என்பதாலேயே இவ்வழைப்பை ஏற்றேன்.

நம் நாட்டின் முதல் கொரோனா நோயாளி 2020 சனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். மார்ச்சு 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. பேருந்தும் ரயிலும் நின்றன, பள்ளிகள் மூடப்பட்டன, வீட்டு வேலைக்கு வருவோரும் வர இயலவில்லை. மருத்துவப் பணியோ பெருகியது. பெரிய மருத்துவமனைகளைப் பற்றி நாளேடுகள் விரிவாக எழுதின. ஆனால் காய்ச்சல் கண்டவர்களில் பலர் முதலில் நாடியது தம் தெருவிலிருந்த குடும்ப மருத்துவரையே.

எங்கள் தெருவில் கணவனும் மனைவியுமாக இரு மருத்துவர்கள் ஒரே கிளினிக்கை நடத்தி வருகின்றனர். அந்நாட்களில் கணவர் கிளினிக்கிலிருந்து திரும்பியதும் நேரே மாடி அறைக்குச் சென்றுவிடுவார். உணவு வாயிற்படியில் வைக்கப்படும். மாதக்கணக்கில் தம் குழந்தையைத் தொடாதிருந்த அவருடைய வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மனைவியும் அதே நோயாளிகளைத்தான் பார்த்தார். ஆனால் அவர் குளித்து, உடை மாற்றிச் சமையலறைக்குள் நுழைந்தார். "நானும் மாடிக்குப் போய்விட்டால் சோறு வைப்பது யார்?" என்று என் துணைவியாரிடம் அவர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

அக்கேள்வியில் ஒரு பொருளியல் உண்மை அடங்கியிருக்கிறது. தனித்திருப்பதற்கும் மற்றொருவரின் உழைப்பு தேவை. அவ்வுழைப்பு கிடைத்தவர் தனித்திருந்தார். அதனைத் தர வேண்டியவர், தம்மால் பிள்ளைக்கு நோய் வந்துவிடுமோ என்ற அச்சத்துடனேயே அடுப்பின் முன் நின்றார்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்டனர். ஆண்களில் ஈடுபட்டவர்கள் 26.1 விழுக்காட்டினரே. அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். இவை மருத்துவர்களை மட்டும் பற்றிய எண்கள் அல்ல. எனினும், மருத்துவப் பட்டம் பெற்றதனால் ஒரு பெண் இவ்வழக்கத்திலிருந்து முற்றிலும் விடுபட்டுவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம். ஊரடங்குக்கு முன்பே இருந்த இச்சுமையின் மீதுதான் பெருந்தொற்றின் சுமையும் ஏறியது.

தொலைமருத்துவத்திற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2020 மார்ச்சு 25 அன்று வெளியிட்டது. இது காலத்தில் செய்த உதவி. ஆனால் தொலைபேசி வழியே மருத்துவம் பார்த்தபோது வீடே கிளினிக் ஆயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தவருக்கு அது வசதி. இல்லாதவருக்கு இரட்டைச் சுமை.

சலுகைகள் இல்லையா எனக் கேட்கலாம். மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஆனால் விடுப்பை உரிமையாகக் கோர இயலாது என்பது விதி. நெருக்கடிக் காலத்தில் அது கிடைப்பது அரிது. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கூறியது. மூவர் பணிபுரியும் கிளினிக்கிற்கு அது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, குழந்தைப் பராமரிப்பை நெருக்கடிக்காலச் சேவையாகக் கருத வேண்டும். 2020 மார்ச்சில் இங்கிலாந்து பள்ளிகளை மூடியபோதும், மருத்துவப் பணியாளர் போன்றோரின் பிள்ளைகளுக்காக அவற்றைத் திறந்து வைத்தது.

இரண்டாவதாக, தங்குமிடமும் உணவும் கொரோனா சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களோடு நின்றுவிடாமல், முதல்நிலை மருத்துவர்களுக்கும் கிடைக்க வேண்டும். பெண்களுக்குப் பொருந்தும் அளவில் பாதுகாப்பு உடைகளும், அவற்றைக் களைந்து ஓய்வெடுக்க முறையான இடைவேளையும் வேண்டும். மணிக்கணக்கில் நீர் அருந்தாமல் அவ்வுடைக்குள் இருப்பது யாவருக்கும் துன்பமே. மாதவிடாய் நாட்களில் அது பெருந்துன்பம்.

மூன்றாவதாக, மருத்துவர்களின் பணிச்சுமையைக் கணக்கிடும்போது ஆண், பெண் எனப் பிரித்துக் கணக்கிட வேண்டும். கடமை நேரத்தோடு வீட்டில் உழைத்த நேரத்தையும் கேட்டறிய வேண்டும்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று எவரும் கூற இயலாது. அது வரும் நாளில், பெண் மருத்துவர் ஒருவர் நோயுற்று மாடிக்குச் செல்ல நேர்ந்தால், அவருக்கும் சோறு வைக்க ஒருவர் இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை இன்றே திட்டமிடுவது உங்களைப் போன்றோரின் பொறுப்பும் எங்களைப் போன்றோரின் கடமையும் ஆகும்.