தனித்து நிற்க விடலாகாது

(கிளைச் செயலாளர்களுக்கான பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு நீதி கிடைக்குமா என்பது நீதிமன்றத்தில் மட்டும் முடிவாவதன்று. காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் கழியும் முதல் சில மணி நேரங்களே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன.

பில்கிஸ் பானோ வழக்கே இதற்குச் சான்று. 2002 குஜராத் படுகொலையின்போது, கர்ப்பிணியாயிருந்த அவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். மூன்று வயது மகள் உட்படக் குடும்பத்தினர் பலர் கொல்லப்பட்டனர். உள்ளூர்க் காவல்துறையோ வழக்கை முடித்துவைக்க முனைந்தது. உச்சநீதிமன்றம் தலையிட்டு விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்தது. 2004இல் வழக்கை மும்பைக்கு மாற்றியது. 2008இல் 11 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கடமை தவறிச் சாட்சியத்தைச் சிதைத்த காவலர்களும் மருத்துவர் இருவரும்கூடக் குற்றவாளிகளே என 2017இல் மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும் 2022 ஆகஸ்ட் 15 அன்று அந்த 11 பேரையும் குஜராத் அரசு விடுவித்தது. பில்கிஸ் மீண்டும் நீதிமன்றப் படியேறினார். தோழர் சுபாஷினி அலி உள்ளிட்டோரும் வழக்குத் தொடுத்தனர். 2024 ஜனவரி 8 அன்று அவ்விடுதலை ரத்தானது. குற்றம் நிகழ்ந்து ஏறத்தாழ 22 ஆண்டுகள்!

இத்தனை நெடிய போரைத் தனியொருத்தி நடத்த இயலுமா? துணை நிற்பதற்குச் சட்டமே இடமளிக்கிறது. எந்தக் காவல் நிலையமும், எல்லையைக் காரணம் காட்டாமல், புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். மறுக்கும் அதிகாரிக்குச் சிறைத் தண்டனை உண்டு. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும். இழிவான 'இருவிரல் பரிசோதனை' கூடாதென 2022இல் உச்சநீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறியது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, பெற்றோர், உறவினர் அல்லது அப்பகுதிச் சமூகப் பணியாளர் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும்.

அந்தச் சமூகப் பணியாளரின் இடத்தில் நிற்கும் தகுதியைக் கிளைகள்தோறும் மாதர் தோழர்கள் பெற வேண்டும். புகார் அளிப்பதா என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்வார். துணை நிற்பவர் முடிவு செய்யலாகாது. அவர் பெயர் சுவரொட்டியிலும் மேடையிலும் வரலாகாது. 'ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கலாம்' என்போருக்கு இடந்தரலாகாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் கட்சிக்காரராயினும் இந்த அளவுகோல் மாறலாகாது.

கண்டன ஆர்ப்பாட்டம் ஒருநாளில் முடியும். வழக்கு பல ஆண்டுகள் நடக்கும். கடைசி வாய்தா வரை உடன் செல்வதே உண்மையான தோழமை.