அறுவைச் சிகிச்சையும் பூச்சிமருந்தும்: இரத்த மாதிரியைக் கெடாமல் காப்பது எப்படி?

(தருமபுரியில் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக்கும், பூக்கும் பருவத்தில் மாவின் தத்துப்பூச்சிக்கும் மருந்தடிப்பது நமக்குப் பழகிய வேலை. அடித்த சில நாட்களில் குடலிறக்கத்திற்கோ குடல்வாலுக்கோ அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தால், அந்த மருந்து அங்கும் குறுக்கிடக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழல் செலுத்துவதற்காக, தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசியைப் போடுவதுண்டு. மருத்துவர்கள் இதனை ஸ்கோலின் என்பர். இரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி இதைச் சிதைத்துவிடுவதால், 5 முதல் 10 நிமிடங்களில் தசைகள் மீண்டும் இயங்கும். நொதி மிகவும் குறைந்திருந்தால் மணிக்கணக்கில் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அதுவரை கருவி கொண்டு மூச்சூட்ட வேண்டும். இல்லையேல் உயிருக்கே ஆபத்து.

இக்குறை பிறவியிலும் வரும். வைசிய சமூகத்தாரிடம் காணப்படும் அத்தகைய மரபணு மாற்றம் ஒன்றைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் விளக்கினர். நமக்குள்ள காரணம் வேறு. மாலத்தியான், குவினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்துகள் பூச்சியைக் கொல்வதே இவ்வகை நொதியை முடக்கித்தான். தோல் வழியே நம் உடலில் புகுந்தாலும் அதே வேலையைச் செய்கின்றன. இரத்த நீரிலுள்ள நொதி பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும்.

எனவே மயக்க மருத்துவர் கேட்காவிட்டாலும் கடைசியாக மருந்தடித்த நாளையும் மருந்தின் பெயரையும் நீங்களே சொல்லுங்கள். அவர் வேறு ஊசியைத் தேர்ந்துகொள்வார். குடும்பத்தில் எவருக்கேனும் அறுவைக்குப் பின் மூச்சு திரும்ப நெடுநேரம் ஆனதுண்டா என்பதையும் சொல்லவும். அப்படியானால் உடன்பிறந்தாரையும் சோதிக்க வேண்டும்.

சோதனைக்கு இரத்தம் போதும். மயக்க மருந்தால் உடல் கொதிக்கும் வேறொரு கொடிய விளைவு உண்டு. அதனைக் கண்டறியத் தொடையிலிருந்து உயிருள்ள தசையை வெட்டி, சில மணி நேரத்திற்குள் சோதித்தாக வேண்டும். நமது சோதனை அவ்வளவு கடினமன்று என்றாலும், மாதிரியைக் கெடுப்பது எளிது.

இரத்தம் எடுக்குமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தோலில் ஒட்டிய மருந்து மாதிரியில் கலந்தால் கணக்கே தவறிவிடும். உடலில் புகுந்த மருந்து சோதனைக் குழாய்க்குள்ளும் நொதியை முடக்கிக்கொண்டே இருக்குமாதலால், எடுத்தவுடன் குளிர்விக்க வேண்டும். அதற்காகக் குழாயைப் பனிக்கட்டிக்குள் நேரே புதைக்காதீர்கள். இரத்தம் உறைந்து சிவப்பணுக்கள் உடையும். துணி சுற்றி, தெர்மாஸ் குடுவையில் குலுங்காமல் கொண்டு செல்லலாம். மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது உதவாது. நோயாளிக்கு வேறு இரத்தம் ஏற்றுவதாயின், அதற்கு முன்பே மாதிரி எடுத்தல் நலம்.

தெளிப்புப் பருவம் தொடங்குமுன் ஒரு முறை சோதித்து அளவைக் குறித்து வைத்திருந்தால், பின்னர் ஒப்பிட வசதியாகும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மருந்தடிப்போருக்கு 1974 முதல் இம்முறை உள்ளது. குழாயின்மேல் பெயர், எடுத்த நேரம், கடைசியாக மருந்தடித்த நாள் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மருந்தின் பெயர் நினைவில்லையெனில் டப்பாவைத் தூக்கிச் செல்ல வேண்டாம். லேபிளைப் படம் பிடித்துச் சென்றால் போதும்.