செபமும் ஒரு சாதகமே

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



"சாமி, செபம் பண்ண உட்கார்ந்தால் மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. வாய் செபமாலை சொல்கிறது. நினைப்பு அடுப்படியில் இருக்கிறது. ருசியே இல்லாமல் செபம் சொல்லி என்ன பலன்?" பங்குகளில் பணியாற்றும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் விசுவாசம் இல்லாதவர்கள் அல்லர். பல ஆண்டுகள் செபித்தவர்கள். ருசி இருந்த காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள். இவர்களில் சிலர், 'ருசி இல்லாமல் சொல்வது பொய் ஆகிவிடும்' என்று எண்ணி, செபத்தையே விட்டுவிடுகிறார்கள். வீட்டில் மாலை செபம் நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டு யாரும் நிறுத்துவதில்லை. களைப்பில் ஒருநாள் விடுகிறோம். பிறகு அது வாரமாகிறது, மாதமாகிறது.

இந்தக் கேள்விக்கான விடையை இன்று நாம் ஓர் இசை வகுப்பில் தேடிப் பார்ப்போம்.

கருநாடக இசை கற்கச் செல்லும் குழந்தைக்கு முதல் நாளே யாரும் கீர்த்தனை சொல்லித் தருவதில்லை. முதலில் சரளி வரிசை. பிறகு ஜண்டை வரிசை. அதன்பின் ஏழு தாளங்களில் அலங்காரம். எல்லாம் மாயாமாளவகௌளை என்னும் ஒரே இராகத்தில். அதே பாடத்தை முதல் காலத்தில் நிதானமாகவும், இரண்டாம் காலத்தில் அதைவிட இரு மடங்கு வேகமாகவும், மூன்றாம் காலத்தில் இன்னும் வேகமாகவும் பாட வேண்டும். கன்னட நாட்டின் புரந்தரதாசர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாடமுறையை வகுத்தார் என்பது மரபு. அன்று முதல் இன்று வரை, சிறிய ஊரில் பாட்டு வாத்தியாரிடம் படிக்கும் குழந்தையும் இதில்தான் தொடங்குகிறது.

குழந்தைக்குச் சலிப்பு வரும். "எப்போ பாட்டு சொல்லித் தருவீங்க?" என்று கேட்கும். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "இன்னொரு தரம் பாடு" என்பார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேடை ஏறிப் பெயர் பெற்ற வித்துவான்களும் அதிகாலையில் எழுந்து இந்த அடிப்படைப் பயிற்சிகளுக்கே திரும்பி வருகிறார்கள். இதைத்தான் 'சாதகம்' என்கிறோம். நாகசுரக் கலைஞர்களிடையே பல மணிநேரம் விடாமல் செய்யும் கடும் பயிற்சிக்கு 'அசுர சாதகம்' என்றே பெயர்.

எதற்காக இத்தனை பாடு? கச்சேரியில் இராக ஆலாபனை செய்யும்போது பாடகர் ஏட்டைப் பார்த்துப் பாடுவதில்லை. அந்த நேரத்தில் உள்ளத்தில் ஊறுவதை அப்படியே பாடுகிறார். அந்தச் சுதந்திரம் அவருக்கு எங்கிருந்து வந்தது? ஆயிரம் காலைகளில் சலிப்போடும் சலிப்பில்லாமலும் பாடிய சரளி வரிசையிலிருந்து வந்தது. உள்ளம் நினைப்பதைத் தொண்டை தடையின்றிச் செய்ய வேண்டுமானால், தொண்டை முன்பே பழகியிருக்க வேண்டும்.

செபத்திற்கும் இது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். ஏனெனில், பிற இனத்தாரைப் போல வீண் சொற்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டாம் என்று ஆண்டவர் இயேசு மலைப்பொழிவில் நம்மை எச்சரிக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அதே மத்தேயு நற்செய்தியின் 26-ஆம் அதிகாரத்திற்கு வாருங்கள். கெத்சமனித் தோட்டம். பாடுகளின் முந்தின இரவு. இயேசு மும்முறை சென்று செபிக்கிறார். மூன்றாம் முறையும் அவர் முன்பு சொன்ன சொற்களையே சொல்லி வேண்டினார் என்று நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். இறைமகனுக்குச் சொற்பஞ்சமா? இல்லை. துயரம் உச்சத்தில் இருக்கும்போது புதிய சொற்கள் வருவதில்லை. பழகிய சொற்களே நம்மைத் தாங்குகின்றன.

ஆகவே ஆண்டவர் கண்டிப்பது திரும்பச் சொல்வதை அன்று. சொற்களின் எண்ணிக்கையால் கடவுளை வளைத்துவிடலாம் என்ற நினைப்பைத்தான் அவர் கண்டிக்கிறார். 136-ஆம் திருப்பாடலில் 26 வசனங்கள். 26 வசனங்களிலும் ஒரே பல்லவி. எரிகோ சாலையில் பார்வையற்ற பர்த்திமேயு ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பக் கத்தினார். அதட்டியபோது இன்னும் உரக்கக் கத்தினார். இயேசு நின்றார்.

நம் திருஅவையின் பழைய துறவியர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் பாடம் கேட்ட யோவான் காசியன், 5-ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய போதனைகளை எழுதிவைத்தார். இறைவனின் துணையை வேண்டும் 70-ஆம் திருப்பாடலின் முதல் வசனத்தை வேலையிலும் ஓய்விலும், உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் நெஞ்சில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முறை. குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலை இன்றும் அந்த வசனத்தோடுதான் தொடங்குகிறது.

இந்தப் பழைய செல்வத்தை நமக்கு மீண்டும் நினைவூட்டியதில் நம் கீழை நாடுகளுக்கும் பங்கு உண்டு. 1950-களில் மலேயாவில் அரசுப் பணியில் இருந்த ஜான் மெயின் என்ற கத்தோலிக்கர், கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தா என்ற இந்துத் துறவியைச் சந்தித்தார். காலையும் மாலையும் அமைதியாக உட்கார்ந்து ஒரே சொல்லை நெஞ்சில் சொல்லும் தியானத்தை அவரிடம் கற்றார். பின்னர் அவர் பெனடிக்ட் சபைத் துறவியானபோது, அந்த முறையை விட்டுவிடுமாறு கூறப்பட்டது, கீழ்ப்படிந்தார். பல ஆண்டுகள் கழித்துக் காசியனின் நூலைப் படித்தபோது, தாம் மலேயாவில் கற்றது தம் சொந்த வீட்டிலேயே இருந்ததைக் கண்டார். 1975-இல் இலண்டனில் தியானக் குழுக்களைத் தொடங்கினார். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருஅவை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்ததை நாம் இங்கே நினைவுகூரலாம்.

யோகத்தைப் பற்றிச் சூத்திரங்கள் தந்த பதஞ்சலி, பயிற்சி வேரூன்ற மூன்று வேண்டும் என்கிறார்: நீண்ட காலம் செய்வது, இடைவிடாமல் செய்வது, மதிப்போடு செய்வது. முதல் இரண்டும் கைவந்து மூன்றாவது இல்லாவிட்டால் என்ன ஆகும்? விரல் வேலை செய்யும், இசை இருக்காது. உதடு அசையும், செபம் இருக்காது. அன்பில்லாத பேச்சைப் புனித பவுல் ஒலிக்கும் வெண்கலத்தோடு ஒப்பிட்டது இதைத்தான்.

திருவையாற்றில் வாழ்ந்து 1847-இல் மறைந்த தியாகராசர், பக்தி இல்லாத இசையறிவு நல்வழி சேர்க்காது என்பதைத் தம் கீர்த்தனைகளில் வற்புறுத்தியவர். அரசவை தேடி வந்தும் போகாமல், உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார் என்பதை அறிவோம். காசியில் செனாய் மேதை பிஸ்மில்லா கான், இசுலாமியர்; கங்கைக் கரையிலுள்ள பாலாஜி கோவிலில் அமர்ந்து பல ஆண்டுகள் சாதகம் செய்தார். 2001-இல் பாரத ரத்னா விருது பெற்றார். நம் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப் பதவியின் வேலைகளுக்கு நடுவே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை இயற்றினார். நீதிமன்ற அலுவலும் இறைப்புகழும் ஒரே நாளில் இடம் பெற முடியும் என்பதற்கு அவர் சான்று. "எனக்கு நேரமில்லை" என்று சொல்லும் நாம் அவரை நினைத்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு மயக்கம் வரக்கூடாது. விடாமல் பயிற்சி செய்தால் கடவுளை அடைந்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. இறையருள் நம் உழைப்புக்குக் கிடைக்கும் கூலி அன்று. நம் மானாவாரி விவசாயிகளைப் பாருங்கள். கோடையில் ஒரு மழை கண்டதும் நிலத்தை உழுது போடுகிறார்கள். கோடை உழவு மழையைப் பெய்விக்காது. ஆனால் உழாத கட்டாந்தரையில் பெய்த மழை ஓடிப் போய்விடும்; உழுத மண்ணில் உள்ளே இறங்கும். மழை வானத்திலிருந்து வருவது. உழவு நாம் செய்ய வேண்டியது. தினசரி செபம் நம்முடைய கோடை உழவு.

சரி, உழுதும் மழை வராத காலம் உண்டே? உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. செபத்தின் ஆசிரியை என்று திருஅவை போற்றும் அவிலா நகர்ப் புனித தெரேசா, பல ஆண்டுகள் செபத்தில் வறட்சியை அனுபவித்ததையும், செப நேரம் எப்போது முடியும் என்று காத்திருந்ததையும் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கல்கத்தாவின் புனித அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது உலகமே திகைத்தது. அவர் பல பத்தாண்டுகள் உள்ளத்தில் இருளையே உணர்ந்திருக்கிறார். ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு காலையிலும் அவர் நற்கருணை முன் மண்டியிடாமல் தெருவுக்குப் போனவர் அல்லர். உணர்வு இல்லாத நாளிலும் அவருடைய முழங்கால்களுக்குப் போகும் இடம் தெரிந்திருந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் சிலர் நம்மிடம், "செபமாலையைக் கையில் எடுத்தால் வாயே வரவில்லை சாமி" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? மறுபடியும் இசையிடம் போவோம்.

பாடகரின் பின்னால் ஒருவர் தம்புராவை மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு தந்திகள். பஞ்சமம், சட்ஜம், சட்ஜம், கீழ்ச் சட்ஜம். ஒவ்வொரு தந்திக்கும் அடியில், குதிரையின் மேல், சிறு நூல் ஒன்று செருகியிருக்கும். அது சரியான இடத்தில் அமர்ந்தால்தான் நாதத்தில் உயிர் வரும். அந்தத் தம்புரா பாட்டுப் பாடுவதில்லை, தாளம் போடுவதில்லை, பாடகர் மூச்சு வாங்க நிறுத்தும்போதும் அது நிற்பதில்லை. பாடகருக்குத் தொண்டை கட்டினாலும் சுருதி ஒலித்துக்கொண்டே இருக்கும். குரல் திரும்பும்போது, சேர வேண்டிய இடம் அவருக்காகக் காத்திருக்கும்.

எப்படிச் செபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது, சொல்லில் அடங்காத பெருமூச்சுகளோடு தூய ஆவியாரே நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 8-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. அதுதான் நிற்காத சுருதி. உங்கள் வாய் வராத இரவிலும், உலகின் ஏதோ ஒரு மூலையில் திருப்பலி நடக்கிறது; ஏதோ ஒரு மடத்தில் திருப்பாடல் ஒலிக்கிறது. திருஅவை உங்கள் பெயராலும் செபித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, வாய் வராவிட்டால் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். குரல் சரியில்லாத நாளில் மாணவன் வகுப்புக்குப் போய்க் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பான், அதுவும் கல்விதான். கேள்வி ஞானம் என்று அதற்குப் பெயரே உண்டு.

ருசி இல்லாத செபத்திற்கு என்ன பலன் என்று கேட்டவர்களுக்கும் இதுவே விடை. ருசி இருந்த நாளில் சொன்ன செபத்தில் நம் மகிழ்ச்சியும் கொஞ்சம் கலந்திருந்தது. ருசி இல்லாத நாளில் சொல்வதில் அன்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நோயாளிக் கணவனுக்கு நடுராத்திரியில் எழுந்து கஞ்சி காய்ச்சும் மனைவிக்கு அது ருசியாகவா இருக்கிறது? அந்தக் கஞ்சியைப் பொய் என்று யார் சொல்வார்?

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் சிறியதாகத் தொடங்குவோம். நாளில் ஒரு நேரம், வீட்டில் ஓர் இடம், பத்து நிமிடம். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, 'இயேசுவே' என்ற ஒரு சொல்லை மூச்சோடு சேர்த்து மெதுவாகச் சொல்வோம். மனம் ஓடும்; ஓடட்டும். ஓடியதைக் கண்டதும் கோபப்படாமல் திரும்பி வருவோம். வித்துவான்கள்கூடக் கச்சேரியின் நடுவில், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே, சபையோர் முன்னிலையில் சுருதியைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். அதில் வெட்கம் இல்லை. பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் விலகினால், முப்பது முறை ஆண்டவரிடம் திரும்பி வந்திருக்கிறோம் என்று பொருள். குடும்பத்தில் நின்றுபோன மாலை செபம் இருந்தால், ஒரு பத்து மணியோடு இன்றிரவே அதைத் தொடங்கலாம். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். சரளி வரிசைக்கும் அவர்கள் அப்படித்தான் முணுமுணுக்கிறார்கள்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.