யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவரும் விசுவாச வேறுபாடுகளும்: மாநாட்டுத் தலைமை உரை



இம்மாநாட்டுக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களை வாசித்தேன். பெரும்பாலானவை திரித்துவம், மீட்பு, திருவருட்சாதனங்கள், வேதாகமத்தின் அதிகாரம் என்று கோட்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. 325ஆம் ஆண்டு நீசேயாவில் கூடிய சங்கத்தின் பெயரால் வழங்கும் விசுவாசப் பிரமாணத்தையே யாழ்ப்பாணம் மரியன்னை பேராலயத்திலும் சொல்கிறோம், வட்டுக்கோட்டைப் பேராலயத்திலும் சொல்கிறோம், சுண்டிக்குளி அங்கிலிக்கன் ஆலயத்திலும் சொல்கிறோம். பிரமாணம் ஒன்றாக இருந்தும் நாம் ஏன் ஒருவரை ஒருவர் ஐயத்தோடு பார்க்கிறோம்? மாதா சுரூபத்தின் முன் மெழுகுதிரி கொளுத்தலாமா, கலியாணத்தில் தாலி கட்டலாமா, பொட்டு வைக்கலாமா, காய்ச்சலுக்கு மருந்து குடிக்கலாமா, இறந்தவருக்காக மன்றாடலாமா என்ற இடத்தில்தான் குடும்பங்கள் பிரிகின்றன. ஆகவே நம் வேறுபாடுகளை மக்கள் செய்வதில் வைத்து ஆராய வேண்டும். அப்படிச் செய்பவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஆராய வேண்டும். இந்த உரையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

விசுவாசத்தை ஏட்டில் எழுதிக் கணக்குப் பார்க்கலாம் என்று நினைத்த ஆட்சியை இந்த மண் ஒருமுறை கண்டிருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினார்கள். கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். தெல்லிப்பழை, மல்லாகம், சங்கானை, வட்டுக்கோட்டை என்று இருந்த கோவில்பற்றுக்கள் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின. அவற்றில் பணியாற்றிய பால்தேயஸ் பாதிரியார் 1672இல் அச்சான தம் நூலில் இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் பெற்றவருக்கே உத்தியோகம். திருமணமும் பிள்ளைகளின் பெயரும் சபையின் தோம்பு என்ற பதிவேட்டில் ஏற வேண்டும். தோம்பின்படி பார்த்தால் குடாநாட்டில் பெரும் பகுதியினர் கிறிஸ்தவர்.

1795இல் ஆங்கிலேயர் வந்ததும் அந்த வற்புறுத்தல் நீங்கியது. ஏட்டுக் கிறிஸ்தவர்களும் ஏட்டோடு மறைந்தார்கள். 1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தபோது அவர்கள் கண்டது பாழடைந்த ஆலயச் சுவர்களை. ஆனால் எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு கூட்டம் மிஞ்சியிருந்தது. 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் கோலத்தில் வந்திறங்கிய யோசேவ் வாஸ் அடிகள், சில்லாலை மக்களின் மறைவில் இருந்து இராத்திரிகளில் பூசை வைத்தார். 1689 கிறிஸ்துமஸ் இரவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள் சுற்றிவளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். அந்தச் சமூகம் அழியவில்லை. அடிகளை 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பஸ்ஸாகப் போனவர்களில் அந்தப் பரம்பரையும் இருந்தது. சில்லாலை மக்கள் கோட்பாட்டு நூல் எதையும் எழுதவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டை செமினரியை நாம் கல்வி வரலாற்றில் மட்டும் வைத்துப் பார்க்கப் பழகிவிட்டோம். அது விசுவாசத்தைக் குறித்த பெரிய விவாதக் களம். சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராகி, பின்பு சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சில் தந்தார். அதே செமினரியில் உருவான ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கடைசிவரை கிறிஸ்தவராக இருந்து, உதயதாரகைப் பத்திரிகையை நடத்தி, பாவலர் சரித்திர தீபகம் எழுதினார். இருவரில் எவரையும் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துத் தமிழை எழுத முடியாது.

சைவ அறிஞர் ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். அந்தப் பெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தை நம் இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். மிசனரிமார் சைவரின் விளக்கையும் தூபத்தையும் அபிஷேகத்தையும் திருவிழாவையும் இகழ்ந்து எழுதியபோது, அவர் பழைய ஏற்பாட்டைத் திறந்து காட்டினார். எருசலேம் ஆலயத்தில் விளக்கு எரியவில்லையா, தூபம் காட்டவில்லையா, எண்ணெய் பூசவில்லையா என்று கேட்டார். வேதாகமத்தை அவர் வாசித்த அளவுக்கு அவருடைய ஆகமங்களை அன்றைய பாதிரிமார் எத்தனை பேர் வாசித்திருந்தார்கள்?

அந்தக் கேள்வி சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே முடிந்துபோன பழைய வழக்கு என்று எண்ண வேண்டாம். அது இன்று நம் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் பாஷையூர் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கிறார். தம்பி புதிதாகச் சேர்ந்த சபையில் அது விக்கிரக ஆராதனை என்று படித்துவந்து, தாயின் அறையில் இருந்த சுரூபத்தை எடுத்து அப்புறப்படுத்துகிறார். சடப்பொருளினூடாகக் கடவுள் மனிதரைத் தொடுவாரா என்பதே நாவலர் எழுப்பிய கேள்வியின் உள்ளீடு. மனுவுருவானவரை நம்புகிற நாம் அதற்கு அவசரப்பட்டு ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. சுரூபத்திடம் பேரம் பேசும் பக்தியைக் கண்டு தம்பி கொண்ட கோபத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன்.

அந்நாளில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒருவரை ஒருவர் ஏசி அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களின் மொழி நமக்கு வேண்டாம். ஆனால் மாற்றார் சொல்வது என்னவென்று தெரிந்துகொண்டு மறுக்கும் பழக்கம் இந்த மண்ணில் இருந்தது. சைவத்தில் பிறந்து கத்தோலிக்கக் குருவான சுவாமி ஞானப்பிரகாசரிடம் அந்தப் பழக்கம் இருந்தது. 1947 செப்டெம்பர் 27ஆம் திகதி சென்னையில் தென்னிந்திய திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணத்தின் முதற் பேராயரான சபாபதி குலேந்திரனிடம் அது இன்னும் ஆழமாக இருந்தது. கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்பது என்ன என்று ஒப்பிட்டு அவர் 1964இல் வெளியிட்ட நூலில், சைவ சித்தாந்திகள் சொல்லும் அருளைக் குறைத்துக் காட்டாமல் அதன் முழு உயரத்தில் நிறுத்திவிட்டே வேறுபாட்டைச் சொல்கிறார். உலகத் திருச்சபைகள் மன்றம் 1948இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியபோது தொடக்கப் பிரசங்கம் செய்தவர்களில் நம்மூர் மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ் ஒருவர். இவர்களின் ஊரில் இருந்துகொண்டு ‘வேறுபாட்டைப் பேசினால் ஒற்றுமை கெடும்’ என்று நாம் வாய்பொத்தி இருப்பது பொருந்தாது. கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடி, தேநீர் குடித்து, மறுநாள் அவரவர் வேலிக்குள் போய்விடுகிறோம்.

வழிபாட்டு மொழியையும் பார்ப்போம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டைத் தாய்மொழிக்குத் திறந்துவிட்டது. லத்தீன் பூசையில் வளர்ந்த முதியோர் சிலருக்கு அது இழப்பாகவே இருந்தது. அவர்களின் துயரத்தையும் யாராவது பதிவுசெய்ய வேண்டும். மறுபக்கம், 1965இல் மரியசேவியர் அடிகள் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சிகளை நம் கலை வடிவங்களோடு ஊருக்கு ஊர் கொண்டுபோயிற்று. குருநகரிலும் நாவாந்துறையிலும் அண்ணாவிமார் பழக்கிய நாட்டுக்கூத்து அதற்கு முன்பே மக்களின் மறைக்கல்வியாக இருந்தது. 1995இல் தமிழ்நாட்டில் கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் சேர்ந்து திருவிவிலியத்தைப் பொது மொழிபெயர்ப்பாக வெளியிட்டார்கள். ஆனால் பல சபைகள் பழைய பெயர்ப்பை விடவில்லை. காதில் பழகிய வசனத்தை மாற்றினால் செபமே மாறிவிடுகிறது என்று மக்கள் சொல்கிறார்கள். அதை அறியாமை என்று ஒதுக்காதீர்கள்.

அதே 1995 நம்மை வேறுவிதமாக நினைக்க வைக்கிற ஆண்டு. ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் ஒதுங்கியிருந்த மக்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்தது. அந்த வழியில் எவரும் எவரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

இனி, நாம் பேசத் தயங்கும் இரண்டு விடயங்கள். ஒன்று சாதி. திருவிருந்தில் ஒரே அப்பத்தை உண்டவர்கள் சம்பந்தம் பேசும்போது என்ன செய்கிறார்கள்? வேறு சாதிக் கிறிஸ்தவரை விட அதே சாதிச் சைவர் நெருக்கமாகிவிடுகிறார். அந்த வேளையில் மாதாவைப் பற்றிய கோட்பாடும் ஞானஸ்நானத்தைப் பற்றிய கோட்பாடும் ஒரு தடையாக வருவதே இல்லை. புதிய சபைகளுக்கு மக்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டு, வெளிநாட்டுப் பணம் என்று நாம் பதில் சொல்லிவிடுகிறோம். முன்வாங்கிலில் இருக்க இடம் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து கைநனைத்தார்கள் என்பதற்காகப் போனவர்களும் உண்டு. மூத்த திருச்சபைகள் மீதான மிகக் கடுமையான இறையியல் விமர்சனமாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மற்றது நோய். வைத்தியர் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மருந்து அவருக்குக் கடவுளின் கொடை. 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனோ மருந்தை விலக்கி செபத்தை மட்டும் நம்பச் சொன்னது. இரண்டும் கிறிஸ்துவின் பெயராலேதான். எனக்கு இதில் தயக்கம் இல்லை. பிள்ளைக்கு மருந்தை மறுக்கும் போதனையை நான் எதிர்க்கிறேன். ஆனாலும் வைத்தியசாலைக் கட்டிலண்டை முழந்தாளிட்டு ஒரு மணித்தியாலம் செபிக்கிற பெந்தெகொஸ்தே போதகரைக் கண்டிருக்கிறேன். நம்மில் எத்தனை பேர் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கொடுக்கிறோம்?

எல்லாவற்றிலும் என் மனதை அதிகம் அலைக்கழிப்பது நவம்பர் மாதம். 2ஆம் திகதி இறந்தோர் நினைவுநாள். கல்லறைகள் துப்புரவாகும், பூ வைப்பார்கள், திரி கொளுத்துவார்கள். ஆலயத்தில் இறந்தோரின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். அப்படி எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நான் நின்ற ஒரு நாள், ஒரு தாய் வந்தார். போரின் முடிவில் மகன் காணாமற்போனவர். பெயரைச் சொன்னார். எழுதப்போன பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஃபாதரைப் பார்த்து, “ஃபாதர், செத்த ஆக்களோடை எழுத வேண்டாம். திரும்பி வரவேணும் எண்டு வேறை தாளிலை எழுதுங்கோ” என்றார். ஃபாதர் அந்தப் பெயரைத் தனித்தாளில் எழுதி, மற்றப் பெயர்களை வாசித்து முடித்தபின், சற்று நேரம் விட்டு வாசித்தார்.

இந்தத் தாய்க்கு நம் திருச்சபைகள் என்ன சொல்கின்றன? இறந்தோருக்காக மன்றாடலாம் என்பது கத்தோலிக்க மரபு. ஆனால் இறந்தாரா என்று தெரியாதவருக்கு எந்தப் பூசை? இறந்தோருக்காக மன்றாடுவதில்லை என்பது புரட்டஸ்தாந்த மரபு. அப்படியானால் அவர் மகனின் பெயரைச் சொல்லி அழுவதற்கு ஆராதனையில் இடம் எங்கே? உன் மகன் உயிரோடு இருக்கிறான், வருவான் என்று தீர்க்கதரிசனம் சொல்லும் ஊழியர்களும் உண்டு. அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக வாசலைப் பார்த்திருப்பவர்களும் உண்டு. அப்படி வாக்குக் கொடுப்பதைக் கொடுமை என்றே சொல்வேன். ஆயினும் ‘மறந்துவிடு அம்மா’ என்று சொல்லும் நம் அறிவாளித்தனமும் அதே அளவு கொடியது. உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா இல்லையா என்று பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பா பிளந்த கேள்வி, இங்கே ஒரு தாள் கடதாசியாக நம் கையில் நிற்கிறது. இதற்கான மன்றாட்டை எந்த வெளிநாட்டு வழிபாட்டு நூலிலிருந்தும் நாம் பெயர்த்து எடுக்க முடியாது. நாமே எழுத வேண்டும். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பெந்தெகொஸ்தேயினரும் ஒரே மேசையில் இருந்து, தங்கள் நம்பிக்கையில் எதையும் மறைக்காமல், எங்கே சேர்ந்து சொல்லலாம், எங்கே முடியாது என்று வரிக்கு வரி பார்த்து எழுத வேண்டும்.

இந்த இரண்டு நாளில் வாசிக்கப்படும் கட்டுரைகளிடம் நான் எதிர்பார்ப்பது அதற்கான மூலப்பொருளை. கட்டுரையாளர்கள் ஆலயத்தைப் பராமரிக்கும் சக்கிடுத்தாரிடமும் அண்ணாவியாரிடமும் செபக்கூட்டத்துப் பெண்களிடமும் கேட்டு எழுதியதை முன்வையுங்கள். கேட்காமல் எழுதியிருந்தால் நூலாக வருமுன் கேட்டுத் திருத்துங்கள். பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து வந்திருப்பவர்கள் குறைவு. அவர்களைப் பற்றிய அமர்வை அவர்களில் ஒருவரே நடத்தும்படி அமைப்பாளர்களைக் கேட்டிருக்கிறேன், அவர்களும் இசைந்திருக்கிறார்கள். காணாமற்போனோருக்கான மன்றாட்டைப் பற்றிய அமர்வு நாளை காலை. அதற்கு ஒதுக்கிய ஒரு மணித்தியாலம் போதாது. மதியம் வரை நீட்டிவைக்கிறேன். முதலாவது கட்டுரையாளரை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்.