நடுவர் நிற்கும் இடம்



திருவண்ணாமலையின் தலபுராணம் ஒரு போட்டியில் தொடங்குகிறது. தம்முள் பெரியவர் யார் என்று திருமாலும் பிரமனும் பூசலிட்டபோது, அடியும் முடியும் அறியவொண்ணாத அழற்பிழம்பாய் இறைவன் நடுவே நின்றான். பன்றியாய் நிலம் அகழ்ந்த திருமால், அடியைக் காணவில்லை என்று ஒப்பினார். அன்னமாய்ப் பறந்த பிரமனோ, காணாத முடியைக் கண்டதாகச் சொல்லித் தாழம்பூவைச் சான்றுக்கு அழைத்து வந்தார். பொய் வெளிப்பட்டது. சிவபூசையிலிருந்து தாழம்பூ விலக்கப்பட்டது. அந்தப் போட்டியில் தீர்ப்பளித்தவன் முற்றும் அறிந்தவன். அவனை ஏமாற்ற இயலாது. மனிதர் ஆடும் போட்டிகளில் நிலைமை வேறு. தீர்ப்புச் சொல்கிறவனும் இரண்டு கண்ணும் இரண்டு காலும் உடைய மனிதனே. அவன் எவ்வாறு நடுநிலை காப்பது என்பதே இன்றைய உரையின் பொருள். அதற்கு எடுத்துக்காட்டாக வருகிறவர் ரக்பி ஆட்டத்தின் நடுவர், அதிலும் ஊதியம் பெறாத நடுவர்.

ரக்பி இவ்வூருக்குப் புதிது. கபடியின் பிடியையும் கால்பந்தின் ஓட்டத்தையும் ஒன்றாக்கி, முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கொடுத்தால் ஏறத்தாழ ரக்பி கிடைக்கும். பக்கத்துக்குப் பதினைவர், எண்பது நிமிட ஆட்டம். அயலதாயினும் இந்தியாவோடு உறவுடையது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் கல்கத்தாக் கோப்பை, கலைந்துபோன கல்கத்தா சங்கமொன்றின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்து 1878இல் அளிக்கப்பட்டது. அதன் கைப்பிடிகள் நாகங்கள், மூடியின்மேல் யானை. இலங்கையில் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக ஆடி வருகின்றன.

ஆதியில் இவ்வாட்டத்துக்குத் தனி நடுவர் இல்லை. இரு அணித் தலைவர்களே பேசித் தீர்த்துக்கொண்டனர். முதல் பன்னாட்டு ஆட்டம் 1871 மார்ச் 27ஆம் நாள் எடின்பரோவில் நடந்தபோது, தீர்ப்பாளருள் ஒருவராயிருந்தவர் ஆல்மண்ட் என்னும் பள்ளித் தலைமையாசிரியர். ஸ்காட்லாந்து எடுத்த புள்ளியை இங்கிலாந்தார் மறுத்தனர்; அவர் ஸ்காட்லாந்தின் பக்கம் தீர்ப்பளித்தார். அது சரியா தவறா என்று தமக்கே தெரியாது என்றும், ஐயம் வரும்போது மிகுதியாகக் கூச்சலிடுகிற பக்கத்துக்கு எதிராகத் தீர்ப்பது தகும் என்றும் பின்னாளில் அவர் எழுதினார். நகைச்சுவையாகத் தோன்றினும் இது நேர்மையான ஒப்புதல். 1884இல் இவ்விரு நாடுகளுக்கும் இடையே எழுந்த மற்றொரு தகராறு மறு ஆண்டு ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. அதன் விளைவாக 1886இல் சர்வதேச ரக்பி வாரியம் பிறந்தது. ஆட்டம் நிலைக்க வேண்டுமானால், தீர்ப்புக்கு இரு பக்கமும் கட்டுப்பட வேண்டும் என்பதை உலகம் அவ்வாறு கற்றது.

இனி நடுவரின் ஒருநாளைக் காண்போம். வாரம் முழுவதும் அவர் ஆசிரியராகவோ எழுத்தராகவோ வேறு தொழில் புரிபவர். ஆட்ட நாளில் பிறர் வருமுன்னரே திடலுக்கு வருகிறார். பையில் இரண்டு ஊதல்கள், இரண்டு கைக்கடிகாரங்கள், நாணயம், பென்சில், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை. கம்பங்களுக்கு மெத்தைக் காப்பு இடப்பட்டுள்ளதா, புல்லில் கண்ணாடிச் சில்லு கிடக்கிறதா என்று பார்க்கிறார். காலணியின் அடிக்குமிழ்கள் கூராக உள்ளனவா என்று ஒவ்வொருவரிடமும் தடவிப் பார்க்கிறார். எண்மர் எண்மராகத் தோள் கோத்து முட்டும் 'ஸ்கிரம்' கழுத்தெலும்பை முறிக்கக் கூடியது. ஆகவே முன்வரிசையாரிடம் தனியே பேசுகிறார். பின்னர் அணித் தலைவர்களை அழைத்து நாணயம் சுண்டுகிறார்.

ஆட்டம் தொடங்கியபின் அவருக்கு ஓய்வில்லை. உயர்நிலை ஆட்டமொன்றில் நடுவர் ஆறேழு கிலோமீட்டர் ஓடுகிறார். இவ்வூரார் நடக்கும் மலைவலப் பாதையில் ஏறக்குறையப் பாதி. அதுவும் நேர் ஓட்டமன்று. விரைதல், நிற்றல், பின்வாங்கல், வளைதல். பந்தோடு வீழ்த்தப்பட்டவன் பந்தை விடவேண்டும். வீழ்த்தியவன் அவனை விடவேண்டும். மற்றவர் பின்புறமாக வந்தே சேரவேண்டும். உடல்கள் குவிந்து கிடக்கும் அந்த இரண்டொரு நொடிக்குள் முதலில் தவறியவன் யார் என்று காணவேண்டும். கண்ட பிறகும் உடனே ஊதிவிடலாகாது. தவறிழைக்காத அணிக்கு ஆட்டம் தொடர்வதால் நன்மை வருமாயின் அவர் பொறுத்திருக்க வேண்டும். வாராவிட்டால் திரும்ப அழைக்க வேண்டும். ஊதக் கற்பது எளிது. ஊதாமலிருக்கக் கற்பதற்கு ஆண்டுகள் பல ஆகும்.

எண்பது நிமிடம் முடிகிறது. வென்றவர் கைகொடுக்கின்றனர், தோற்றவர் சிலர் முகம் திருப்புகின்றனர். அனைவரையும் தீர்த்தவர் இப்போது தாம் தீர்க்கப்படும் நேரம் வருகிறது. கோட்டோரத்தில் குறிப்பேட்டோடு ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் மதிப்பீட்டாளர்; பெரும்பாலும் முழங்கால் ஓய்ந்த பழைய நடுவர். நல்ல மதிப்பீட்டாளர் குறையை முதலில் எடுப்பதில்லை. "உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நடுவர் தம் வாயாலேயே, இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் தடுமாறியதைச் சொல்கிறார். அப்போதுதான் ஏடு திறக்கிறது. "நீங்கள் பார்த்தது தவறில்லை ஐயா, பார்க்க முடியாத இடத்தில் நின்றீர்கள். இரண்டடி இடப்புறம் நின்றிருந்தால் அந்தக் கை உங்கள் கண்ணில் பட்டிருக்கும்."

இந்த ஒரு சொல்லில் மதிப்பீட்டின் உயிர் அடங்கியிருக்கிறது. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவு நிலைமை. அதனை உள்ளத்தின் பண்பு என்றே கொள்கிறோம், அது மெய்யே. ஆனால் 'நிலை' என்ற சொல்லுக்கு நிற்றல் என்ற பொருளும் உண்டு. உள்ளம் கோணாதவனும் தவறான இடத்தில் நின்றால் தவறாகவே தீர்ப்பான். கோவலன் வழக்கில் பாண்டியன் தீயவனல்லன். பொற்கொல்லன் காட்டிய இடத்தில் நின்று பார்த்தான். தன் தவற்றை உணர்ந்தபோது தன்னையே தண்டித்துக்கொண்டான். ஆயின் அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒரு தவற்றுக்கும் அடுத்த தவற்றுக்கும் இடையே மதிப்பீடு வரவேண்டும் என்பதே பாடம்.

இதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. பதினைந்தாம் வயதில் உள்ளூர் ஆட்டங்களில் ஊதத் தொடங்கி, வழக்கறிஞராகி, பின் முழுநேர நடுவரானவர் இங்கிலாந்தின் வெயின் பார்ன்ஸ். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சு, நியூசிலாந்தை 20க்கு 18 என வென்றது. அதில் முன்னோக்கி வீசப்பட்ட பந்தொன்று அவர் கண்ணில் படவில்லை. அதிலிருந்து புள்ளிகள் பிறந்தன. அப்போது அவருக்கு வயது 28. ஒரு நாடே அவரைத் தூற்றியது. அவர் ஓடி ஒளியவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் மதிப்பீட்டுக்கு உட்பட்டு, 2023 அக்டோபர் 28 அன்று பாரிசில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நடத்தினார். தென்னாப்பிரிக்கா 12க்கு 11 என வென்ற அந்த ஆட்டத்தில், நியூசிலாந்தின் தலைவருக்கே சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மீண்டும் வசை, குடும்பத்தார்க்கும் மிரட்டல். சில நாட்களில் அவர் ஓய்வை அறிவித்தார்.

வசையும் மதிப்பீடும் ஒரே தவற்றைச் சுட்டக் கூடும். ஆயினும் அவை வேறு வேறு. வசை, மனிதனை எடைபோட்டு விட்டெறிகிறது. மதிப்பீடு, செயலை எடைபோட்டு மனிதனைத் திரும்ப அனுப்புகிறது. வசை பெருகினால், சம்பளமில்லாமல் சனிக்கிழமைதோறும் மழையில் ஓடுகிற அந்த எளிய மனிதர் ஊதலை மேசையில் வைத்துவிட்டு வீட்டிலிருந்துவிடுவார். நடுவர் இல்லாத திடலில் வலியவனே வெல்வான்.

தமிழுக்கு இந்த ஒழுக்கம் புதிதன்று. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. குற்றம் தெரிந்து சொல்ல ஒருவர் எதிரே அமர்ந்திருந்தமையால் நூலுக்குப் பெருமையே வந்தது. பத்தாண்டுகளாக இவ்வட்டத்திலும் கவிதை படித்தவர் அதே மாலையில் அதன் குறையையும் கேட்டிருக்கின்றனர். சிலர் முகம் வாடிச் சென்றிருக்கலாம். மறு மாதம் திரும்பி வந்தவர்களே வளர்ந்தனர்.

அடிகாணாத திருமால், காணவில்லை என்றார். அந்தச் சொல்லைச் சொல்லும் துணிவு நடுவருக்கும் வேண்டும், புலவருக்கும் வேண்டும். அத்துணிவை இழிவென்று எண்ணாத அவையும் வேண்டும். இவ்வட்டம் அத்தகைய அவையாகப் பல்லாண்டு நிலைக்க வாழ்த்துகள்.