கூடுதல் பால் எப்போது?

நெய்யாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே, கேரளத்தின் தென்கோடியில் அமைந்த கடற்கரை ஊர் பொழியூர். நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே சிறிது தூரம் நடந்தால் கன்னியாகுமரி மாவட்டத்து நீரோடி வந்துவிடும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆட்சி எல்லை பிரிந்ததே ஒழிய உறவும் பேச்சும் பிரியவில்லை. மணமுடித்துச் செல்வதும், பேறுகாலத்திற்குத் தாய்வீடு வருவதும் இரு பக்கமும் இன்றும் உண்டு. பச்சிளங்குழந்தைக்கு முதன்முதலில் என்ன புகட்டுவது என்னும் வழக்கங்களும் அவ்வாறே எல்லை கடந்து வந்துள்ளன.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் சேனை வைத்தல் என்பது பழைய வழக்கம். குடும்பத்தில் நல்ல பெயரெடுத்த ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாவில் தொட்டு வைப்பார். மலையாள நாட்டு வழக்கில் பொன்னும் வயம்பும் உரைத்து நாவில் தடவுவர். இவை அன்பின் பேரால் நடப்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் கைக்குழந்தைக்குக் கடும் நோயை விளைவிக்கக்கூடும். ஆகவே ஓராண்டு நிறையும் வரை தேன் கூடாது என மருத்துவம் கூறுகிறது. சர்க்கரைத் தண்ணீர் குழந்தையின் பசியை மந்தப்படுத்தும். மற்றபடி அதனால் பயன் இல்லை.

இன்று பொழியூரைப் போன்ற ஊர்களில் பிரசவம் வீட்டில் நடப்பது அரிது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடைபெறுகின்றன. 2002-இல் கேரளம் உலகின் முதல் 'குழந்தை நேய மாநிலம்' என்ற சிறப்பையும் பெற்றது. எனினும் அதே ஆய்வு வேறொன்றையும் காட்டுகிறது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் நாடு முழுவதிலும் சுமார் 64 சதவீதம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ 55 சதவீதமே. கல்வியும் மருத்துவ வசதியும் மிகுந்த இரு மாநிலங்கள் இந்த ஒன்றில் நாட்டின் சராசரிக்கும் கீழே நிற்பது சிந்திக்கத்தக்கது.

இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று முதல் மூன்று நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. பிரசவத்தின் இரண்டாம் இரவு குழந்தை விடாது அழும். தாயின் மார்பு நிறைந்ததாகத் தோன்றாது. துணைக்கு இருக்கும் பாட்டி "பால் வரவில்லை" என்று தீர்ப்புக் கூறுவார். யாரேனும் ஒருவர் மருந்துக் கடைக்குச் சென்று பால் மாவு டப்பாவுடன் திரும்புவார். பின்னர் பல மாதங்கள் நீடிக்கும் ஒரு குடும்பச் செலவு அந்த ஓர் இரவிலேயே முடிவாகிவிடுகிறது.

உண்மையில் அந்த நேரத்தில் பால் இல்லாமல் இல்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் சுரப்பது சீம்பால். முதல் நாளில் ஒரு தடவைக்குச் சில மில்லி லிட்டர் அளவே வரும். குழந்தையின் இரைப்பையும் அந்த அளவுக்கே இடங்கொடுக்கும். மூன்றாம் நான்காம் நாளில்தான் பால் பெருகும். அறுவை சிகிச்சைக்குப் பின் இது சற்றுத் தாமதமாகலாம். குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை சப்பிக் குடிப்பதே பால் பெருகுவதற்குரிய தூண்டுதல். புட்டிப் பாலால் வயிறு நிறைந்த குழந்தை மார்பை நாடாது. நாடாதபோது சுரப்பு குறையும். குறைந்ததும் பாட்டியின் தீர்ப்பு மெய்யாகிவிடும். எடையும் முதல் நாட்களில் சிறிது குறையவே செய்யும். பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு வரை குறைவது பொதுவாகக் காணப்படுவது. இரண்டு வாரத்திற்குள் பெரும்பாலும் அது மீண்டுவிடும்.

இதைக் கொண்டு, கூடுதல் பால் எந்நிலையிலும் கூடாது என்று வாதிடுவதும் தவறு. அத்தகைய பிடிவாதத்தால் நீர்ச்சத்து வற்றியும் மஞ்சள் காமாலை முற்றியும் அவதியுற்ற குழந்தைகள் உண்டு. எடை நூற்றுக்குப் பத்தை எட்டும் அளவு குறைதல், இரத்தத்தில் சர்க்கரை தாழ்தல், நான்காம் ஐந்தாம் நாளிலும் மலம் கறுப்பாகவே இருத்தல், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து உறங்கிக்கொண்டே இருத்தல் ஆகியவை உடனடியாக மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். குறைமாதத்திலும் மிகக் குறைந்த எடையிலும் பிறந்த குழந்தைகளின் நிலை தனி. அப்போதும் முதலில் தருவது தாயிடமிருந்தே கறந்தெடுத்த பால். அடுத்தது தானமாகப் பெற்ற தாய்ப்பால். மாவுப் பால் அதற்கும் பின்னரே. தானப் பாலுக்கென ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. கேரளத்தில் 2021-இல் எறணாகுளம் பொது மருத்துவமனையில் ஒன்று அமைந்தது. கூடுதல் பாலைப் புட்டியில் தர வேண்டியதில்லை. நம் வீடுகளில் முன்பு புழங்கிய பாலாடையை இன்றைய குழந்தை மருத்துவர்களே விரும்பிப் பயன்படுத்துகின்றனர். பழையதில் எதைக் கைவிட்டோம், எதைப் பிடித்துக்கொண்டோம் என்பது விந்தைதான்.

அமெரிக்காவில் இது குறித்துச் சோதனைகளும் நடந்தன. எடை குறைந்த குழந்தைகளுக்கு ஒவ்வொரு முறையும் தாய்ப்பாலுக்குப் பின் பத்து மில்லி லிட்டர் மாவுப் பாலை ஊசிக்குழல் வழியே அளந்து கொடுத்து, தாய்க்குப் பால் பெருகியதும் நிறுத்தினர். நாற்பது குழந்தைகளைக் கொண்டு 2013-இல் வெளியான முதல் ஆய்வு, இதனால் தாய்ப்பால் ஊட்டுவது நீடித்ததாகக் கூறியது. பின்னர் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் முதல் மாதத்தில் அந்த நன்மை தென்படவில்லை; ஓராண்டு முடிவில் கூடுதல் பால் பெற்ற பிரிவில் தாய்ப்பால் குடிப்போர் குறைவாகவே இருந்தனர். அங்கே கொடுக்கப்பட்டது அளந்த பால், எப்போது நிறுத்துவது என்பதும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. மருந்துக் கடை டப்பாவுக்கு அவ்வாறு நிறுத்தும் வரையறை கிடையாது. விலை தாங்காத குடும்பங்களில் மாவைக் குறைத்து நீரை மிகுதியாக்குவதும் நிகழ்கிறது.

வணிகத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் உண்டு. உலக சுகாதாரப் பேரவை 1981-இல் விதித்தொகுப்பை ஏற்றது. இந்தியா 1992-இல் சட்டம் இயற்றி, 2003-இல் அதனைக் கடுமையாக்கியது. மாவுப் பாலுக்கு விளம்பரம், இலவச மாதிரி, மருத்துவப் பணியாளருக்கு அன்பளிப்பு ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. எனினும் சட்டத்தால் இரவு இரண்டு மணிக்குத் தாயின் அருகில் அமர இயலாது. தாய்ப்பால் நாட்டு வருமானக் கணக்கில் ஏறுவதில்லை. விற்ற டப்பா ஏறுகிறது. குழந்தையை மார்பில் சரியாகப் பிடிக்கக் கற்றுத்தரும் செவிலியரின் அரைமணி நேரமோ மருத்துவமனைக் கணக்கில் செலவாகவே எழுதப்படுகிறது.

அந்த அரைமணி நேரம்தான் இன்று குறைவாக உள்ளது. கேரளத்தில் நூற்றுக்கு 39, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 என்ற அளவில் அறுவைப் பிரசவங்கள் நடைபெறுவதாக அதே ஆய்வு கூறுகிறது. வயிற்றில் தையலுடன் படுத்திருக்கும் தாயால் பிறர் உதவியின்றிக் குழந்தையை எடுத்து அணைக்க முடியாது. மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை ஆஷா பணியாளர் வீட்டில் சென்று காண வேண்டிய நாட்கள் 3, 7, 14, 21, 28, 42 என வகுக்கப்பட்டுள்ளன. மூன்றாம் நாளில் அறுவைப் பிரசவமான தாய் பெரும்பாலும் வீடு திரும்பியிருப்பதில்லை. ஏழாம் நாளில் ஆஷா எடை பார்க்கும் தராசுடன் படியேறும்போது, பல வீடுகளில் டப்பா ஏற்கனவே திறக்கப்பட்டிருக்கும். இரண்டாம் இரவுக்குரிய பணியாளரை மருத்துவமனைப் பேறுகால வார்டிலேயே நியமிப்பதற்குத் தேவைப்படுவது புதிய கட்டடமோ கருவியோ அன்று. பயிற்சி பெற்ற ஒரு செவிலியரின் இரவுப் பணிக்கான ஊதியமே.